கேட்டது பணி நிரந்தரம், கொடுத்தது காப்பீடும் வீடும்: தூய்மைப் பணியாளர்களின் வரவு செலவுக் கணக்கு

2025 ஆகஸ்ட் 1 தொடங்கிப் பதின்மூன்று நாள்கள் சென்னை ரிப்பன் மாளிகையின் வாயிலில் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். இராயபுரம், திரு.வி.க. நகர் ஆகிய 5, 6ஆம் மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கும் முடிவைக் கைவிட வேண்டும், பல்லாண்டுகளாக மாநகராட்சிக்கு உழைத்துவந்த தங்களைப் பணி நிரந்தரம் செய்ய வேண்டும் என்பவையே அவர்களுடைய கோரிக்கைகள். அமர்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், பெரும்பாலோர் தலித்துகள். ஆகஸ்ட் 13 இரவில், உயர் நீதிமன்ற ஆணையைக் காட்டிக் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

மறுநாள் கூடிய தமிழ்நாடு அமைச்சரவை தூய்மைப் பணியாளர்களுக்கென ஆறு அறிவிப்புகளை வெளியிட்டது. தொழில்சார் நோய்களைக் கண்டறிந்து சிகிச்சை அளிக்கத் தனித் திட்டம். பணியின்போது இறப்பவரின் குடும்பத்துக்கு ஏற்கெனவே உள்ள 5 லட்சம் ரூபாயுடன் மேலும் 5 லட்சம் கிடைக்கக் காப்பீடு. மூன்று ஆண்டுகளில் 30,000 வீடுகள். குழந்தைகளின் கல்விக்கு உதவி. சுயதொழில் தொடங்க மானியத்துடன் கடன். இலவசக் காலை உணவு. கேட்ட இரண்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த ஆறில் எதையும் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஒவ்வொன்றும் எப்போதோ வந்திருக்க வேண்டியது. ஆனால், ஊதியத்தையும் பணிப் பாதுகாப்பையும் கேட்டவர்களுக்குக் காப்பீடும் வீடும் பதிலாகத் தரப்படும்போது, அந்தப் பதிலைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நம் கடமை. உழைக்கும் குடும்பம் ஒன்றின் வருவாயை விழுங்கும் இரண்டு பெருஞ்செலவுகள் மருத்துவமும் குடியிருப்பும். நிலையான ஊதியம் இல்லாதவருக்கு அவ்விரண்டையும் அட்டையாகவும் ஒதுக்கீட்டு ஆணையாகவும் கையில் கொடுத்தால் சுமை குறைகிறதா, இடம் மாறுகிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

உயிருடன் இருக்கையில் எடுப்பது

மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த ஊதியம் தனியார் நிறுவனத்தின் கீழ் 16,950 ரூபாயாகக் குறையும் என்பது போராடியவர்களின் முதன்மையான குற்றச்சாட்டு. வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ., விடுப்பு ஆகியவை நிறுவனத்தின் வழியாகக் கிடைக்கும் என்பது மாநகராட்சியின் விளக்கம். இரண்டையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்போம். மாதம் 6,000 ரூபாய் குறைந்தால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். ஏழாண்டுகளில் அது 5 லட்சத்தைத் தாண்டிவிடும்.

பணியின்போது இறந்தால் குடும்பத்துக்குக் கிடைக்கும் என்று அறிவிக்கப்பட்ட கூடுதல் தொகையும் அதே 5 லட்சம்தான். ஏழாண்டுகள் உயிருடன் இருந்து உழைக்கும் ஒரு பெண்ணின் ஊதியத்திலிருந்து எடுக்கப்படும் தொகை, அவர் குப்பை வண்டியின் அருகே விழுந்து இறந்தால் மட்டும் அவருடைய பிள்ளைகளுக்குத் திரும்பி வருகிறது. இறக்காமல் முதுமை எய்தினால் அதுவும் இல்லை. இதை நலத்திட்டம் என்று அழைப்பதற்கு முன்னால், காப்பீட்டின் விலையை உண்மையில் கட்டியவர் யார் என்று கேட்க வேண்டும்.

இந்தப் பணியில் இருப்போர் யார் என்பதும் மறைபொருள் அன்று. கழிவுநீர்க் குழாய்களிலும் தொட்டிகளிலும் வேலை செய்வோரைக் கணக்கெடுக்கும் ஒன்றிய அரசின் 'நமஸ்தே' திட்டத்தில், 2024 வரை விவரம் திரட்டப்பட்ட ஏறத்தாழ 38,000 பேரில் 68.9 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். நகரத்தின் கழிவைச் சுமக்கும் வேலை சாதியின் வழியாகவே இன்றும் பங்கிடப்படுகிறது. ஆகவே, அந்த வேலையின் ஊதியத்தைக் குறைப்பது வெறும் நிர்வாகச் சிக்கனம் ஆகாது. ஒரு சமூகத்தின் அடுத்த தலைமுறைக்குச் சேர வேண்டிய உணவு, மருந்து, கல்வி ஆகியவற்றில் கை வைப்பதே அது.

அட்டை எந்த நோய்க்கு?

தமிழ்நாட்டில் மருத்துவக் காப்பீடு புதிதன்று. 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. 2018 முதல் ஒன்றிய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்து நடைபெறுகிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. இதய அறுவை, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரகக் கோளாறு என்று வந்தபோது இந்த அட்டையால் உயிர் பிழைத்தவர்கள் நம் தெருக்களிலேயே இருக்கிறார்கள். அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால், அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும். பட்டியலிட்ட அறுவைகள், பட்டியலிட்ட சிகிச்சைகள், சில பரிசோதனைகள் என்பதே அதன் எல்லை. குப்பை அள்ளும் பெண்ணின் அன்றாட நோய்கள் அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. தூசியாலும் புகையாலும் வரும் இருமல், கையுறையில்லாக் கைகளில் பரவும் தோல் நோய், வண்டி தள்ளித் தேய்ந்த இடுப்பும் முழங்காலும், மழைக்காலத்துக் காய்ச்சல், கண்ணாடிச் சில்லும் ஊசியும் குத்திய புண், கழிப்பிடம் இல்லாத வேலையிடத்தில் நீர் அருந்தாமல் இருந்து வரும் சிறுநீர்த் தொற்று. இவையெல்லாம் படுக்க வைக்காத நோய்கள். நின்றபடியே பணத்தைக் கரைக்கும் நோய்கள்.

அரசு மருத்துவமனை இலவசம்தானே என்று கேட்கலாம். இலவசம்தான். மருந்துகளை மொத்தமாக வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு வழங்கும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவமும் நாட்டுக்கே எடுத்துக்காட்டுகள். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. அரசு மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவு முதன்மையாக முற்பகலில் இயங்குகிறது. தூய்மைப் பணியும் விடியலில் தொடங்கி முற்பகல் கடந்துதான் முடிகிறது. மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் வேலையை விட வேண்டும். 16,950 ரூபாயை முப்பது நாளுக்கு வகுத்தால் ஒரு நாளுக்கு 565 ரூபாய். ஊதியத்துடன் கூடிய விடுப்பு நடைமுறையில் கிடைக்காதவருக்கு, இலவச மருத்துவமனையின் நுழைவுக் கட்டணம் 565 ரூபாய். எனவே, மாலையில் தெருமுனைத் தனியார் மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு, மருந்துக் கடையில் இரண்டு நாளுக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியலில் வேலைக்குப் போகிறார். இந்தச் செலவு எந்தக் காப்பீட்டின் கணக்கிலும் ஏறுவதில்லை.

நாடு முழுவதற்குமான கணக்கும் இதையே காட்டுகிறது. 2013-14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடு மக்களின் சட்டைப் பையிலிருந்து போனது. 2021-22இல் அது 39.4 விழுக்காடாகக் குறைந்தது என்கிறது தேசிய சுகாதாரக் கணக்கு. இது முன்னேற்றமே. ஆயினும், காப்பீட்டுத் திட்டங்கள் பெருகிய பின்னரும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஏறத்தாழ நாற்பது ரூபாய் நோயாளியின் கையிலிருந்தே போகிறது. அரசின் மருத்துவச் செலவை 2025க்குள் நாட்டின் உற்பத்தி மதிப்பில் 2.5 விழுக்காடாக உயர்த்துவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. 2021-22இல் அச்செலவு 1.84 விழுக்காடு.

வரம்புகளுக்கு இடையில் விழுபவர்கள்

முதலமைச்சர் காப்பீட்டுக்கான பொதுவான வருமான வரம்பு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதாவது மாதம் 10,000. சில பிரிவினருக்குத் தனி வழிகள் உண்டு. மற்றோருக்கு வருமானச் சான்றே வாயில். இப்போது 16,950 ரூபாயைப் பன்னிரண்டால் பெருக்கிப் பாருங்கள்: 2,03,400. வீட்டில் ஒருவர் மட்டும், அதுவும் குறைக்கப்பட்ட ஊதியத்தில் வேலை செய்தாலும், அக்குடும்பம் வரம்பைத் தாண்டிவிடுகிறது.

இன்னொரு வாயில் ஈ.எஸ்.ஐ. அதற்கும் ஊதிய வரம்பு உண்டு. 2017 ஜனவரியில் அது மாதம் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பிறகு விலைவாசி ஏறியது, வரம்பு ஏறவில்லை. மாதம் 23,000 பெறுபவர் ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு மேலே, முதலமைச்சர் காப்பீட்டு வரம்புக்கும் மேலே. வீட்டு வேலை செய்யும் பெண், தள்ளுவண்டி வணிகர், நான்கைந்து பேர் வேலை செய்யும் கடையின் ஊழியர் ஆகியோருக்கு ஈ.எஸ்.ஐ. கதவே இல்லை. அவர்களுடைய குடும்ப வருவாய் மாதம் பத்தாயிரத்தைத் தாண்டினால் அட்டையும் இல்லை. சந்தைக் காப்பீட்டில் தனிநபர் எடுக்கும் பாலிசிகளுக்கான 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. நல்லதுதான். ஆனால், பிரீமியமே கட்ட இயலாதவருக்கு வரி நீங்கியதால் என்ன பயன்?

நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதை நாமெல்லாரும் அறிவோம். வருமானச் சான்று வாங்கப் போகும்போது உண்மையான ஊதியத்தைச் சொல்ல அஞ்சுகிறோம். அதிகாரி ஒரு தொகையை எழுதிக் கொடுக்கிறார். உரிமையாக வர வேண்டியது, ஒருவருடைய இரக்கத்தால் வந்ததாகிறது. அடுத்த முறை அந்த நாற்காலியில் வேறொருவர் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியாது.

வரம்பு என்பதும் சாதியைப் பார்க்கிறது. பொருளாதாரத்தில் நலிந்த முன்னேறிய சாதியினர் என்று 2019இல் ஒன்றிய அரசு 10 விழுக்காடு இடஒதுக்கீடு கொடுத்தபோது, 'நலிவு' என்பதற்கு வைத்த வருமான வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அதே ஒன்றிய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை பெறும் பட்டியல் சாதி மாணவருக்கு வரம்பு 2.5 லட்சம். மாதம் 23,000 பெறும் தூய்மைப் பணியாளரின் மகள் அதையும் தாண்டிவிடுகிறாள், அவருடைய ஆண்டு ஊதியம் 2,76,000 என்பதால். ஒருவர் 8 லட்சம் வரை ஏழை. மற்றவர் 23,000 ரூபாய் ஊதியத்திலேயே வசதியானவர். இதைப் படிக்கும் கல்லூரி மாணவர்களில் பலர் இந்தக் கோட்டின் இருபுறமும் நின்றவர்களாக இருப்பீர்கள்.

இரக்கமா, உரிமையா: மறந்துபோன வரலாறு

தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கு இந்நாட்டில் வேறொரு வரலாறு இருக்கிறது. பாபாசாகேப் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தார். அவர் பொறுப்பில் இருந்த 1943இல்தான், தொழிலாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை வகுக்கும் பணி பேராசிரியர் பி.பி. அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அறிக்கை 1944 ஆகஸ்டில் வந்தது. அதிலிருந்து வளர்ந்ததே 1948ஆம் ஆண்டின் ஊழியர் அரசுக் காப்பீட்டுச் சட்டம். அது நிறைவேறியபோது தொழிலாளர் அமைச்சராக இருந்தவர் பாபு ஜகஜீவன் ராம். இருவருமே தீண்டாமையைத் தம் உடலில் அறிந்தவர்கள்.

அச்சட்டத்தின் கட்டமைப்பைக் கவனியுங்கள். தொழிலாளி ஊதியத்தில் 0.75 விழுக்காடும் முதலாளி 3.25 விழுக்காடும் கட்ட வேண்டும். 16,950 ரூபாய் ஊதியத்துக்குத் தொழிலாளியின் பங்கு ஏறத்தாழ 127 ரூபாய். முதலாளியின் பங்கு ஏறத்தாழ 551. புறநோயாளர் சிகிச்சையும் மருந்தும் குடும்பத்துக்கும் உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாத நாள்களுக்கு, பங்களிப்பு நிபந்தனைகள் நிறைவேறினால், ஆண்டில் 91 நாள் வரை ஊதியத்தில் 70 விழுக்காடு பணமாகக் கிடைக்கும். வேலையிட விபத்தில் இறந்தால், ஒரே முறை தரும் தொகைக்குப் பதிலாகச் சார்ந்தோருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. நோய் என்பது மருத்துவச் செலவு மட்டுமன்று, இழந்த கூலியும்கூட என்பதை எண்பது ஆண்டுகளுக்கு முன்பே புரிந்துகொண்ட சிந்தனை அது. அட்டை முறையில் இல்லாமல் போனது இந்தப் பகுதிதான்.

ஈ.எஸ்.ஐ. மருந்தகங்களில் மருத்துவர் பற்றாக்குறை, நீண்ட வரிசை என்ற குறைகள் உண்மையானவை. அவற்றைச் சீர்செய்யும் பொறுப்பு அரசுக்கு உண்டு. அதைவிட ஆழமான ஆபத்து ஒப்பந்த முறையில் இருக்கிறது. ஒப்பந்ததாரர் ஊதியத்தில் பிடித்த தொகையைச் செலுத்தாமல் விடுவது புதிய செய்தியன்று. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டம், ஒப்பந்தத் தொழிலாளருக்கான பங்களிப்பைச் செலுத்தும் முதற்பொறுப்பை முதன்மை முதலாளியின் மீதே வைத்தது. 'நிறுவனத்திடம் கேளுங்கள்' என்று உள்ளாட்சி அமைப்பு கைகழுவ முடியாது என்பதே அந்தக் கோட்பாட்டின் பொருள். தொழிற்சங்கத் தோழர்கள் இதை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும்.

வாடகையின் சாதி

இனி, இரண்டாவது செலவுக்கு வருவோம். சென்னையில் வீடு வாடகைக்கு எடுக்கப் பத்து மாத வாடகையை முன்பணமாகக் கேட்பது நெடுநாள் வழக்கம். ஒற்றை அறைக்கு மாதம் 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் முன்பணம் 50,000. அது 16,950 ரூபாய் ஊதியத்தில் ஏறத்தாழ மூன்று மாத உழைப்பு. கந்துவட்டிக்கு வாங்கிக் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு வாடகை, கடன்காரருக்கு வட்டி என்று ஒரே கூரைக்கு இருமுறை பணம் கட்ட வேண்டும். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக்கொள்ளவும் இடம் விடுகிறது. பேரம் பேசும் வலிமை இல்லாதவருக்கு அந்த விதிவிலக்கே விதியாகிவிடுகிறது.

பணம் இருந்தாலும் வீடு கிடைக்குமா என்பது தலித்துகளுக்கு உள்ள தனிக் கேள்வி. வெளிநாட்டில் உயர்கல்வி பெற்றுத் திரும்பிய அம்பேத்கர் 1917இல் பரோடா அரசில் வேலைக்குச் சேர்ந்தபோது, தங்க இடமின்றிப் பார்சி விடுதியொன்றில் பெயரை மறைத்துத் தங்கினார். சாதி தெரிந்ததும் தடியோடு வந்தவர்கள் அவரை வெளியேற்றினார்கள். நூறாண்டுகளுக்குப் பிறகும் கேள்வி மாறவில்லை, கேட்கும் முறை மாறியிருக்கிறது. 'சொந்த ஊரு எது, எந்தத் தெரு?', 'சைவமா?', 'குலதெய்வம் என்ன?' டெல்லி தலைநகர்ப் பகுதியில் சுக்தேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் நடத்தி 2015இல் வெளியிட்ட ஆய்வு, வாடகை வீடு தேடும் தலித்துகளும் இசுலாமியர்களும் நேரடியாக மறுக்கப்படுவதையும், கிடைத்தாலும் கூடுதல் நிபந்தனைகளுக்கு உள்ளாவதையும் பதிவுசெய்தது. தமிழ்நாட்டின் வாடகைச் சட்டத்தில் சாதியின் பேரால் வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு இல்லை.

இதன் விளைவு பொருளாதாரத்தில் தெரிகிறது. ஊரெங்கும் தேடக்கூடியவர் வாடகையைப் பேரம் பேசலாம். சில தெருக்களில் மட்டுமே வீடு கிடைப்பவர் சொன்ன தொகையைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் புகும் தரைத்தளத்துக்கும், காற்றில்லாத அறைக்கும், பொதுக் கழிப்பறைக்கும் சேர்த்துக் கொடுக்கும் இந்தக் கூடுதலைச் சாதிக்கு நாம் கட்டும் வாடகை என்றே சொல்ல வேண்டும். அந்த அறையிலிருந்துதான் காசநோயும் ஆஸ்துமாவும் கொசுக்காய்ச்சலும் தொடங்குகின்றன. வீட்டுச் செலவையும் மருத்துவச் செலவையும் தனித்தனியே எழுதுவது அரசின் கோப்புகளில் மட்டும்தான். குடும்பத்தின் கணக்கில் ஒன்று மற்றொன்றைப் பெற்றெடுக்கிறது.

வீடு எங்கே?

30,000 வீடுகள் என்ற அறிவிப்பைப் படித்தவுடன் நமக்கு எழ வேண்டிய முதல் கேள்வி, எங்கே என்பதுதான். 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டபோது, மக்கள் வாழ்ந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுப்பது அதன் முதன்மையான வழியாக இருந்தது. வடசென்னையிலும் கடற்கரையோரத்திலும் இன்றும் நிற்கும் பழைய 'ஹவுசிங் போர்டு' குடியிருப்புகள் அதன் சாட்சி. 2000ஆம் ஆண்டையொட்டித் திசை மாறியது. கண்ணகி நகரில் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள், பின்னர் செம்மஞ்சேரியில் 6,000க்கும் மேற்பட்டவை, பின்னர் பெரும்பாக்கத்தில் 20,000 அளவிலானவை என்று நகரத்தின் தென்விளிம்பில் மறுகுடியமர்வுப் பகுதிகள் எழுந்தன. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையோர மக்கள் 'பாதுகாப்பு' என்ற பெயரில் அங்கே அனுப்பப்பட்டார்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய அப்பகுதிகளும் மழைக்கு மூழ்குபவைதாம். 2021இல் வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது.

இராயபுரத்தில் விடியலில் துடைப்பம் பிடிக்க வேண்டிய பெண்ணுக்குப் பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்தால் என்ன ஆகும்? தொலைவு இருபத்தைந்து கிலோமீட்டருக்கும் மேல். மகளிருக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணமில்லை என்பது 2021 மே முதல் கிடைத்த பெரும் ஆறுதல். ஆனால் விடியலுக்கு முன் அந்தப் பேருந்து வர வேண்டுமே. வராத நாளில் பங்கு ஆட்டோ, அல்லது ஒரு நாள் ஊதியம். நாளடைவில் வேலையை விடுகிறார், அல்லது வீட்டைப் பூட்டிவிட்டு வேலையிடத்துக்கு அருகே மறுபடி வாடகைக்கு வருகிறார். இலவச வீடு இருந்தும் வாடகை கட்டும் குடும்பங்கள் இப்படித்தான் உருவாகின்றன.

வீடு முற்றிலும் இலவசமும் அன்று. நகருக்குள் மறுகட்டுமானம் நடக்கும் சில திட்டப் பகுதிகளில் பயனாளியின் பங்காக ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் கேட்கப்பட்டிருக்கிறது. அதற்கும் கடன். பிறகு மாதாந்திரப் பராமரிப்புத் தொகை, மின்தூக்கி, தண்ணீர். கையில் இருப்பதோ ஒதுக்கீட்டு ஆணை. விற்பனைப் பத்திரம் வர ஆண்டுகள் ஆகின்றன. 2021 ஆகஸ்டில் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் புதிதாகக் கட்டிய குடியிருப்பின் பூச்சு கை பட்டாலே உதிர்ந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. சொத்தாக வராத வீடு, உதிரும் சுவர், தொலைந்த வேலை: இம்மூன்றும் சேர்ந்தால் அதைக் குடியிருப்பு உரிமை என்று எப்படிச் சொல்வது?

சலுகை வாங்குபவர் யார்?

ஏழைகள் இலவசங்களில் வாழ்கிறார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. வருமான வரியின் பழைய முறையைத் திறந்து பாருங்கள். வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை கழிவு. வாடகை வீட்டில் இருக்கும் மாத ஊதியக்காரருக்கு வீட்டு வாடகைப்படியில் விலக்கு. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு 25,000 ரூபாய் வரை கழிவு. மூத்த குடிமக்களுக்கு இன்னும் கூடுதல். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் அரசு தரும் இந்த உதவியைப் பெற முதல் தகுதி, வரி கட்டும் அளவுக்கு வருவாய் இருப்பது. அங்கே அதன் பெயர் ஊக்குவிப்பு. சேரிக்கு வரும்போது மட்டும் பெயர் இலவசம்.

தூய்மைப் பணியாளர் வருமான வரி கட்டாமல் இருக்கலாம். சோப்புக்கும் செருப்புக்கும் கைப்பேசிக்கும் அவர் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். அதற்கு அவருக்குக் கழிவு ஏதும் இல்லை.

நாம் கேட்க வேண்டியவை

காப்பீடும் வீடும் ஊதியத்தின் மேல் வைக்கப்பட வேண்டியவை. ஊதியத்தின் இடத்தில் வைக்கப்பட வேண்டியவை அல்ல. இந்த வரிசை மாறினால் எல்லாமே சுமையாகின்றன. எனவே முதற்கோரிக்கை, போராட்டக் களத்தில் எழுந்த அதே கோரிக்கை: ஆண்டு முழுதும் நடக்கும் நிரந்தரப் பணிக்கு நிரந்தரப் பணியாளர், குறையாத ஊதியம். மற்றவை அதன் பின்னால் வர வேண்டும்.

முதலமைச்சர் காப்பீட்டின் வருமான வரம்பை, அரசே நிர்ணயிக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே வைக்கக் கூடாது. தூய்மைப் பணியாளர் அனைவரையும், நேரடிப் பணியாயினும் ஒப்பந்தமாயினும், வருமானச் சான்றின்றிச் சேர்க்க வேண்டும். ஈ.எஸ்.ஐ. ஊதிய வரம்பை ஒன்றிய அரசு உயர்த்த வேண்டும். அறிவிக்கப்பட்ட தொழில்சார் நோய்த் திட்டம், பணி நேரத்துக்குள் ஊதியத்துடன் பரிசோதனை, புறநோயாளர் சிகிச்சை, நோயுற்ற நாள்களுக்கு ஊதியம் ஆகிய மூன்றையும் உள்ளடக்க வேண்டும். 30,000 வீடுகள் பணியிட மண்டலத்துக்குள்ளேயே அமைய வேண்டும். பங்குத் தொகையின்றி, பெண்ணின் பெயரில், பத்திரத்துடன் தரப்பட வேண்டும். சாதியின் பேரால் வாடகைக்கு வீடு மறுப்பதை வாடகைச் சட்டத்தில் தண்டனைக்குரிய குற்றமாக்க வேண்டும்.

செயற்பாட்டாளர்களும் மாணவர்களும் இன்றே தொடங்கக்கூடிய வேலைகளும் உண்டு. உங்கள் வார்டின் ஒப்பந்தப் பணியாளர்களுக்கு ஈ.எஸ்.ஐ. எண் இருக்கிறதா, பங்களிப்பு மாதந்தோறும் ஏறுகிறதா என்று அவர்களுடன் அமர்ந்து கைப்பேசியிலேயே பாருங்கள். ஏறவில்லையெனில் முதன்மை முதலாளியான உள்ளாட்சி அமைப்புக்கு எழுத்தில் முறையிடுங்கள். 30,000 வீடுகளுக்கான இடப்பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேளுங்கள். ஒரு தெருவில் பத்துக் குடும்பங்களின் ஒரு மாத வாடகை, மருந்து, வட்டி, பேருந்துச் செலவை எழுதி வையுங்கள். அட்டைகளின் எண்ணிக்கையை அரசு சொல்லும்போது, அந்த ஏடு நம் பக்கத்தின் சான்றாக இருக்கும்.

ரிப்பன் மாளிகை வாயிலில் அமர்ந்திருந்த பெண்களுக்குத் தங்கள் கணக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. செத்தால் எவ்வளவு என்று அவர்கள் கேட்கவில்லை. வாழ்வதற்கு எவ்வளவு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் வரும்வரை ஆறு அறிவிப்புகளும் ஆறு பாக்கிகளாகவே நிற்கும்.